பல்லில் கடித்த பறி

பழவேற்காட்டு ஏரியில் குப்பம்மாளுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்வாள். இருபத்தேழு வருஷமாக இதுதான் பிழைப்பு. தண்ணீரில் இருக்கும்வரை பேச்சே இல்லை.

ஒரு தொண்டு நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சுபஸ்ரீ சென்னையிலிருந்து அவளை வீடியோ எடுக்க வந்தாள்.

"பறி முகத்த மறைக்குதுக்கா. எடுத்துட்டு சிரிங்க, ஏதாவது பேசுங்க. அப்பதான் நாலு பேர் பார்ப்பாங்க."

அதுவரை குப்பம்மாளை யாரும் பேசச் சொன்னதில்லை. பறியை எடுத்தாள், சிரித்தாள், கையையும் நீட்டிக் காட்டிவிட்டாள்.

"தோ, அந்த ஒடஞ்ச கம்பத்துக்குப் பின்னால. சேறு மெத்துனு இருக்கும். அள்ள அள்ள எறாதான்."

நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வேனில் வந்த கூட்டம் கம்பத்தைச் சுற்றி இறங்கிச் செல்ஃபி எடுத்துக் கும்மாளம் போட்டது. மூன்றே வாரத்தில் சேறு கலங்கி, இறால் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. 'வீரத்தாய்' என்று கமெண்ட் மட்டும் குவிந்தது. அதை உலையிலா போடுவது?

"எங்கிட்ட சொல்லாத எடத்த ஊரு ஒலகத்துக்கே சொல்லிட்டியேக்கா" என்றாள் தங்கை தேவி. அதன்பின் அவள் குப்பம்மாளோடு ஏரிக்கு வருவதில்லை.

சுபஸ்ரீ மறுபடி வந்தாள், முகமெல்லாம் பூரிப்பாக. "எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்கக்கா! இப்ப எங்க புடிக்கிறீங்க?"

குப்பம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தண்ணீருக்கு இன்னும் நூறடி இருந்தது. கரையிலேயே பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தாள்.