மங்கோலியாவில் பொங்கிய மாவு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் முதல் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் ஓர் அம்மா கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கூச்சத்தோடு, "யாராச்சும் கூப்பிடறதா சொன்னாங்களாம்மா?" என்கிறேன்.

"எம் பையன் சார். பட்டாளத்துல சமையல். அமைதிப்படைக்கின்னு நம்மாளுங்களும் மங்கோலியாக்காரங்களும் அவங்க நாட்டுல ஒண்ணா பயிற்சி எடுக்கறாங்க. இன்னிக்கி எல்லாருக்கும் இவன் கையால இட்லி. குளுர்ல மாவு பொங்கலன்னா மானம் போயிடும்."

திரையில் மகன் வருகிறான்.

"இன்னாடா, மாவு எப்டி கீது?"

"பொங்கிக்கினு கீது மா."

குண்டானைக் காட்டுகிறான். அதைச் சுற்றி ஒரு தடித்த கம்பளிக் கோட்டு. கோட்டுக்குச் சொந்தக்காரரான மங்கோலியச் சிப்பாய் பக்கத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டு சிரிக்கிறார்.

"அடப்பாவி, கோட்ட குட்றா அவருக்கு. மொத ஈடும் அவருக்குத்தான்."

மகன் சைகையில் சொல்கிறான். சிப்பாய் மறுத்துத் தலையாட்டிவிட்டு, குண்டானைச் சுற்றிக் கோட்டின் பொத்தான்களை இறுக்கிப் போடுகிறார்.

பேருந்து கிளம்பப் போகிறது. முதல் ஈடு வெந்து இறங்கும்வரை நாங்கள் இருவரும் எழுவதாக இல்லை.