விறகை மறந்த ரங்கூன் கணக்கு

ரங்கூனில் தோல் பதனிடும் டேனரியில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் அரிசி வாங்கியாயிற்று, பருப்பு வாங்கியாயிற்று, அடுப்புக்கு மூன்று கல்லும் கூட்டியாயிற்று. எரிக்க ஒன்றும் இல்லை. ஆம்பூரிலிருந்து கூட வந்த சின்னப்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

கணக்குப் போடாமல் கப்பல் ஏறியவனில்லை நான். கிளம்புமுன் நானும் என் மனைவி முனியம்மாவும் உட்கார்ந்து வாய்க்கணக்காகவே எல்லாம் போட்டிருந்தோம். அறை வாடகை, அரிசி, எண்ணெய், வெற்றிலை, ஊருக்கு மணியார்டர். மிச்சத்தைச் சேர்த்தால் தை மாதம் அவளுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிடலாம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"தை மாசம் நிச்சயந்தானே? அப்புறம் சித்திரை, ஆடின்னு இழுக்காதய்யா," என்றாள். நிச்சயம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஆம்பூரில் டேனரி ஆள் காசு கொடுத்து விறகு வாங்கி யாரும் பார்த்ததில்லை. தோல் ஊறி முடிந்ததும் தொட்டியிலிருந்து அள்ளும் ஆவாரம்பட்டைச் சக்கையை முதலாளி சாயபு எங்களுக்கே விட்டுவிடுவார். வெயிலில் உலர்த்தினால் அதுதான் அடுப்புக்கு. வாங்காத பொருள் கணக்கில் எப்படி வரும்? எங்கள் செட்டில் ஐந்து பேர் போனோம். ஐந்து பேர் கணக்கிலும் விறகு இல்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சக்கை கேட்டோம். அவர் ஆற்காட்டுக்காரர்.

"இன்னா சக்கை? இங்க பட்டையே கிடையாது. தோலு ஊற அதுக்குப் பதிலா காசுக்கட்டியக் கரைச்சு ஊத்தறோம், பார்க்கல? விறகு கடையில விக்கிது, விலைதான் ஜாஸ்தி. மழை வந்தா இன்னும் ஏறும்."

சிரிக்காமல்தான் சொன்னார். அந்த மட்டுக்கு நல்ல மனுஷர்.

ஐந்து பேருக்கும் ஒரே அடுப்பு என்று ஆக்கினோம். ஒரு வேளைதான் உலை, மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலைக்கு. நான் வெற்றிலையை விட்டேன். அப்படியும் தை வந்தபோது டிக்கெட்டுக்குப் பணம் சேரவில்லை. விறகு விலையால் தாமதம் என்று ஊருக்குக் கடிதம் போட்டேன். பெண்டாட்டியை அழைக்காததற்கு விறகைக் காரணம் சொன்ன புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைசியில் அவள் சொன்ன ஆடியில்தான் வந்தாள், சின்னப்பனின் தம்பி குடும்பத்தோடு. கப்பல்துறையில் அவளுக்குப் பின்னால் ஒரு கூலியாள் பெரிய கோணி மூட்டையைச் சுமந்து வந்தான்.

"இன்னா இது?"

"பட்டைச் சக்கை. விறகு விலை ஜாஸ்தின்னு எழுதினியே. நல்லாக் காய வெச்சுதான் கட்டினேன்."

அந்த மூட்டையை ஏற்றி இறக்கிய செலவில் இரண்டு மாதத்துக்கு விறகு வாங்கியிருக்கலாம். மூட்டையை வாங்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். அன்று அந்தச் சக்கையில்தான் உலை கொதித்தது. அறையெல்லாம் ஆம்பூர் வாசனை. இத்தனை மாதம் எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்பது அவள் சோறு போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது ஆம்பூருக்கே திரும்பிவிட்ட என்னிடம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளம்புகிற பிள்ளைகள் சம்பளம் எவ்வளவு, அரிசி என்ன விலை என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அதோடு, இங்கே காசு கொடுக்காமல் கிடைப்பது எதெல்லாம் என்றும் யோசித்துப் பாருங்கள். விறகு ஒன்று. சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் இருப்பது இன்னொன்று. விறகுக்காவது அங்கே கடை இருக்கிறது.