கிர்ஸ்டனின் பிள்ளைகள் குடிக்கவில்லை

எரிக்குக்கு முதலில் வந்தது விரல் வலிதான். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை என்றார். பிறகு சோர்வு. ஹூஸ்டனில் வேலை முடித்துப் புறநகரான பேர்லேண்டில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவார்.

என் கணவர் டேனிஷ் வம்சாவளி அமெரிக்கர். நான் திருநெல்வேலிக்காரி. சோர்வு என்றால் எங்கள் வீட்டில் ஒரே மருந்துதான்.

"மாப்பிள்ளைக்கு ரத்தம் கம்மியா இருக்கும்டி," என்றாள் அம்மா போனில். "முருங்கைக்கீரைய இரும்புச் சட்டில வதக்கிக் குடு."

குளிர்காலம் முழுக்கக் கொடுத்தேன். பாவம், மனுஷன் வாய் பேசாமல் சாப்பிட்டார். முகமும் கைகளும் கறுத்துக்கொண்டே போயின. வெயில் குறைந்த மாதங்களில் எப்படிக் கறுக்கும் என்று எனக்கு உறைக்கவேயில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் புரதம்) எக்கச்சக்கமாக இருந்தது. அடுத்து மரபணுப் பரிசோதனை. நோயின் பெயர் ஹீமோகுரோமடோசிஸ் (உடல் தேவைக்கு மேல் இரும்பைச் சேர்த்துக்கொண்டே போகும் பரம்பரை நோய்).

கல்லீரல் மருத்துவர் தமிழ்ப் பெண். சட்டி விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "உங்க கீரையால வந்தது இல்லைங்க. பிறக்கும்போதே கூட வந்தது. ஆனா இனிமே அந்தச் சட்டி வேண்டாம். ஸ்கேன் பண்ணி சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறுவது) இருக்கான்னு பார்க்கணும். அது வந்திருந்தா கஷ்டம்."

பிறகு எரிக்கிடம் ஆங்கிலத்தில், குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் நோய் உண்டா என்று கேட்டார்.

"என் தாத்தாவின் அண்ணன்கள் இரண்டு பேர். குடித்தே செத்தார்கள்," என்றார் எரிக், தரையைப் பார்த்தபடி.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத கதை. எரிக்கின் கொள்ளுப்பாட்டி கிர்ஸ்டன் டென்மார்க்கிலிருந்து கப்பலேறி, அக்கம்பக்கம் வீடே இல்லாத டெக்சாஸ் புல்வெளியில் வந்து குடியேறியவள். எட்டுப் பிள்ளை பெற்றவள். மூத்தவர்கள் இருவரும் ஐம்பதைத் தொடுமுன் வயிறு வீங்கிச் செத்தார்கள். என் பிள்ளைகள் குடித்ததேயில்லை என்று கடைசிவரை சொன்னாளாம். பெத்த பாசம் என்று ஊர் விட்டுவிட்டது.

"அவர்களுக்கும் முகம் கறுத்திருந்ததா? இரும்பு சேர்ந்தால் தோல் கறுக்கும்," என்றார் மருத்துவர்.

"வயலில் வேலை செய்தவர்கள்," என்று ஆரம்பித்த எரிக் தன் கைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இப்போது நிரூபிக்க வழியில்லை. ஆனால் இதுவாகவே இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். கிர்ஸ்டனுக்கே நோய் இருந்திருந்தாலும், மாதவிலக்கிலும் பிரசவங்களிலும் போன ரத்தத்தோடு இரும்பும் போயிருக்கும்.

ஸ்கேன் முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தழும்பு இல்லை என்றார்கள். காரில் உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன்.

சிகிச்சை, ரத்தத்தை எடுப்பதுதான். முதலில் வாரா வாரம். "ரத்தத்த எடுத்தா மனுஷன் தாங்குவாராடி?" என்று அம்மா பதறினாள். தாங்கினார். மெல்ல மெல்ல முகம் பழைய நிறத்துக்கு வந்தது. இதைப் படிக்கிறவர் வீட்டிலும் இப்படி ஒருவர் சோர்ந்து கிடந்தால், இரும்பைக் கொடுக்குமுன் ரத்தத்தைப் பாருங்கள்.

குடும்பமே கூடும் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் எரிக் தன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாமனார் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தன் அப்பா அந்த அண்ணன்களின் பெயரை வீட்டில் உச்சரித்ததே கிடையாது என்றார். பிறகு மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நீல்ஸ். பீட்டர்," என்றார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். எங்கள் வருடம் அப்படித்தான் நகர்கிறது. பை நிரம்பும்வரை நான் பக்கத்திலேயே இருக்கிறேன். அடுத்த மாதம் எரிக்குக்கு ஐம்பது வயது. கிர்ஸ்டன் தன் மூத்த பிள்ளைகளிடம் பார்க்காத வயது.