பார்முனையில் வார்டு பிரித்த கதை

ஊரில் எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்க ஆசைப்படுகிறவர்கள் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகலாம், வார்டு பிரிக்கிற வேலைக்கு மட்டும் போகக்கூடாது. வரைபடத்தில் பென்சில் ஒரு நூல் நகர்ந்தால் போதும், தெருவில் நாலு பேர் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் எந்தச் சம்பந்தியை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்று திண்டாடியவர்கள், அண்ணன் தம்பிக்கு நடுவே சுவர் எழுப்பப் போய் இரண்டு பேரிடமும் வசவு வாங்கியவர்கள், அடுக்குமாடியில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்கியவர்கள் எல்லாரும் என் இனம்தான். உங்களுக்குச் சொன்னால் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தவள். இப்போது ஓய்வு பெற்று நாசரேத்தில் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பெண்கள் எல்லாரும் டீச்சர், நான் ஒருத்திதான் தடம் மாறியவள். "முழுப் பரீட்ச லீவு கெடைக்குத வேலைய விட்டுட்டு, ஊர்ச்சண்டைய வெலைக்கு வாங்குத வேலைக்குப் போனியே" என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்திருக்கும்போது எனக்கு ஏக்கமாக நினைவு வருவது, பார்முனைப் பஞ்சாயத்தில் வார்டு பிரித்த அந்த மாதங்கள்தான்.

பார்முனை கடலோரக் கிராமம். மேற்கே கடைக்காரர்களின் பஜார் தெரு. கிழக்கே மீன்பிடிக்கிறவர்களின் கடற்கரைத் தெரு. இரண்டுக்கும் நடுவில் உப்பளத் தொழிலாளர்களின் காலனி. ஊரில் சனம் பெருகிவிட்டது, வார்டுகளைப் புதிதாகப் பிரியுங்கள் என்று உத்தரவு வந்தது. பென்சில் என் கையில் வந்து சேர்ந்தது.

யாரிடம் கேட்பது?

முதல் நாள். ஊராட்சிச் செயலர் செல்லத்துரை மேஜைமேல் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் தம்ளரையும் ஒரு மூலையில் தன் டிபன் பாக்ஸையும் வைத்தார். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, கெண்டைக்காலில் உப்பு காய்ந்து வெள்ளையாய்ப் பூத்திருந்தது. உப்பளத்திலிருந்து நேரே வருகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. பெயர் பேச்சியம்மாள், காலனிக்காரி.

வார்டு எல்லை கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் பாலபாடம். ரோடு, ஓடை, பாதை இப்படி. காலனிக்கு நடுவில் ஒரு பாதை ஓடியது, அவர்களே உப்பளத்துக்கு நடந்து நடந்து உண்டாக்கிய பாதை. முன்னால் வார்டு பிரித்தவர்கள் அதையே எல்லையாக்கிவிட்டார்கள். காலனியில் பாதி பஜார் தெரு வார்டோடு போனது, பாதி கடற்கரைத் தெரு வார்டோடு போனது. இரண்டிலும் அவர்கள் சிறுபான்மை. குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்று கேட்டால், இந்த மெம்பர் அந்த வார்டைக் காட்டுவார், அந்த மெம்பர் இந்த வார்டைக் காட்டுவார். வாரத்துக்கு ஒரு தண்ணீர் லாரி, அதுவும் பஜாரோடு நின்றுவிடும். காலனி முழுவதையும் ஒரே வார்டாக்குங்கள் என்பதுதான் பேச்சியம்மாளின் கோரிக்கை. பார்க்கலாம் என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அவள் நகரவில்லை. விரல் ஈரத்தோடு வரைபடத்தைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்:

"எங்களுக்குத் தாகம் எடுக்கது எந்த வார்டுலன்னு மட்டும் இந்த மேப்பப் பாத்துச் சொல்லிருங்க மேடம்."

எல்லை ஊருக்குப் போனது

அன்றைக்கே நான் மனசுக்குள் கோட்டைப் போட்டுவிட்டேன் என்று வையுங்கள். காலனி ஒரே வார்டு. மேற்கு, கிழக்கு, தெற்கு எல்லைகளுக்குத் தெரு இருந்தது. வடக்கே வெறும் உப்பளம். அந்தப் பக்க எல்லையைப் போய்ப் பார்த்து எழுதி வாருங்கள் என்று செல்லத்துரையை அனுப்பினேன். அவர் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அங்கே யாரிடம் வழி கேட்டாலும் உப்பு அம்பாரத்தைத்தான் அடையாளம் சொல்வார்கள். அள்ளிய உப்பை வீட்டு உயரத்துக்குக் குவித்து ஓலை போட்டு மூடியிருப்பார்களே, அதுதான் அம்பாரம். 'பெரிய அம்பாரத்துக்குத் தெக்க', 'ரெண்டாவது அம்பாரம் தாண்டி' என்றுதான் அவர்கள் பேச்சே. செல்லத்துரையும் கை வந்தபடி எழுதிவிட்டார். வடக்கே: பெரிய உப்பு அம்பாரம்.

எனக்கும் அப்போது தப்பாகப் படவில்லை, மலை மாதிரி நின்றதை நானே பார்த்திருந்தேன். எல்லையைச் சரிபார்க்க மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கியபோது அங்கே மைதானம்தான் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் ஓலை கிடந்தது. அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லை எங்கேம்மா?" என்றார். நான் செல்லத்துரையைப் பார்த்தேன். செல்லத்துரை கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்:

"எல்ல நேத்துதான் சார் லாரில ஏறி பெங்களூருக்குப் போச்சு."

கடலில் கொஞ்சம்

வடக்கு எல்லையை ஓடைக்கு மாற்றிய பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தோம். வரைவைப் படித்துக் காட்டி, ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிற கூட்டம். இங்கே ஆட்சேபணை இல்லாதவர்கள் வரமாட்டார்கள். முதலில் எழுந்தவர் சூசை, கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். லேஞ்சித் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். காலனிக்காரர்களைப் பிரித்து எடுத்துவிட்டால் கடற்கரைத் தெரு வார்டு சுருங்கிவிடுமாம். பதிலுக்குக் கடலுக்குள் இருக்கிற பார் வரைக்கும் எல்லையை நீட்ட வேண்டுமாம். பார் என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டு. முத்துக் குளித்த காலத்திலிருந்து ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. நாம் தெருப் பெயர்களைச் சொல்கிற மாதிரி சூசை அவற்றை வரிசையாகச் சொன்னார்.

பஞ்சாயத்து எல்லை கரையோடு முடிந்துவிடுகிறது, கடலில் வார்டு போட எனக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கினேன். கூட்டம் சிரித்தது. சூசை சிரிக்கவில்லை. அவர் சொன்னது, இப்போதும் கடலைப் பார்த்தால் எனக்கு நியாயம்தான் என்று தோன்றும்:

"வீட்டுக்குத் தூங்கத்தான் மேடம் வாரோம், நாங்க முழிச்சிருக்க எடத்தையும் வார்டுல சேருங்கன்னு கேக்கேன்."

கடை ஒரு வார்டு, வீடு ஒரு வார்டு

அடுத்த ஆட்சேபணை சுயம்பு அண்ணாச்சியுடையது. பலசரக்குக் கடை வைத்திருப்பவர், வாசலில் டீக்கடையும் உண்டு. கடை பஜார் தெருவைப் பார்த்து இருக்கும், அதன் பின்னாலேயே வீடு, வீட்டின் பின்வாசல் காலனிச் சந்தில் திறக்கும். ஆள் கணக்கு வரவேண்டும் என்று தெருவை விட்டுத் தள்ளி நான் போட்ட கோடு கடைக்கும் வீட்டுக்கும் நடுவே, அவர் பூஜையறை வழியாகப் போய்விட்டது. "ஒரு மெம்பருக்கு ஓசி டீ குடுத்தே எனக்கு முடியல, இப்ப ரெண்டு மெம்பரையும் தலைல கட்டுதீங்களே" என்று மேஜையில் தட்டினார். பிரிக்கக் கூடாது, மொத்தமாக ஒரே வார்டில் வையுங்கள் என்றார்.

வைத்தேன். காலனி வார்டில் வைத்தேன். காலனி மட்டும் ஒரு வார்டுக்குப் போதாது, சந்துப் பக்கம் வாசல் உள்ள ஏழெட்டு வீடுகளைச் சேர்த்தால்தான் கணக்கு வரும். அதில் அவர் வீடும் ஒன்று. கேட்டதும் அண்ணாச்சி முகம் சுருங்கியது. "காலனியோடயா? பஜார்க்காரன் மரியாத என்னத்துக்கு ஆகும்?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, ஆனால் அரசாங்க ஊழியர் வாயில் கோபத்துக்கு இடமில்லை. பின்வரிசையில் நின்ற பேச்சியம்மாளுக்கு அந்தத் தடை இல்லை.

"அண்ணாச்சி, எங்கிட்ட அரிசியும் பருப்பும் விக்கும்போது எந்த வார்டுன்னு ஒரு நாளும் நீங்க கேக்கலியே?"

ஏழு சின்னங்கள்

கோடு அப்படியே நிலைத்தது. இறுதி உத்தரவைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டிய அன்று பேச்சியம்மாள் எனக்குக் கடலை மிட்டாய் கொண்டுவந்தாள். ஆபீஸில் இத்தனை வருஷத்தில் என் ஒரு கோட்டுக்காக யாரும் சந்தோஷப்பட்டதில்லை, அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தேன். புது வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கீடும் வந்தது. பேச்சியம்மாள் நிற்பாள், ஜெயிப்பாள், குழாய் வரும். எனக்குச் சந்தேகமே இல்லை.

மனுத்தாக்கல் முடிந்தபோது காலனியிலிருந்து ஆறு பெண்கள் நின்றார்கள். இதுவரை எட்டாத பதவி, இப்போது கைக்கு எட்டுகிறது, யார்தான் விடுவார்கள்? பேச்சியம்மாளுக்குச் சீப்புச் சின்னம், அவள் நாத்தனாருக்குப் பூட்டு சாவி. "அவ நிக்கலாம், நான் நிக்கப்படாதா?" என்று நாத்தனார் என்னிடமே கேட்டாள். ஏழாவதாக, காலனியோடு சேர்த்ததற்கு வீம்பாக, அண்ணாச்சி தன் மனைவி சொர்ணத்தை நிறுத்தினார். சொர்ணத்துக்குக் கட்டில். காலனி ஓட்டு ஆறாகப் பிரிந்தது, சந்து வீடுகளின் ஓட்டு மொத்தமாகக் கட்டிலுக்கு விழுந்தது. கட்டில் ஜெயித்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். செல்லத்துரை டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"காலனிய ஒண்ணு சேக்கத்தான் மேடம் நமக்கு ஆர்டரு, காலனிக்காரங்கள ஒண்ணு சேக்கதுக்கு இல்ல."

பின்வாசல்

அதற்கப்புறம் நான் பார்முனைப் பக்கம் போகவில்லை. பேச்சியம்மாள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவள் அத்தனை நடையும் நடந்து, இருந்த பாதிக் கவனிப்பையும் பறிகொடுத்துவிட்டாள் என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு இடமாற்றம் வந்தபோதுதான், சொல்லாமல் போனால் நன்றாயிராது என்று ஒருநாள் காலையில் கிளம்பினேன். முதலில் கண்ணில் பட்டவர் சுயம்பு அண்ணாச்சி. கண் சிவந்து, கல்லாவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "என்ன வார்டு போட்டீங்க மேடம், மனுசன் ஒறங்க முடியுதா? வெள்ளன நாலு மணிக்கே பின்வாசல்ல கொடத்தோட நிக்குதாளுவ" என்று ஆரம்பித்தார். உப்பளத்துக்குப் போகிற பெண்கள் போகிற வழியில் மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார்களாம். சொர்ணம் எழுந்து போய்ப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், கடைசியில் அண்ணாச்சிதான் கடையைப் பூட்டிவிட்டு ஒன்றிய ஆபீஸுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் நடையாய் நடந்திருக்கிறார்.

காலனிச் சந்தில் குழாய் வந்திருந்தது. வரிசையாகக் குடங்கள். பேச்சியம்மாளும் நாத்தனாரும் ஒரே குடத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சியம்மாள் குடத்தை இறக்கிவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். நீ ஜெயிப்பாய் என்று நினைத்தேனே பேச்சி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தோத்தா என்ன மேடம், இப்ப எந்த வீட்டுக் கதவத் தட்டணும்னு எங்களுக்குத் தெரியும்லா!"

மறுபடியும் வார்டு பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது, அண்ணாச்சி அதற்குள் பின்வாசலை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டால் வீடு பஜார் வார்டோடு போய்விடும் என்று ஆள் தேடுகிறாராம், ஊரில் இருக்கிற ஒரே கொத்தனார் காலனிக்காரர் என்பதுதான் சிக்கல்.