கயிறு பிடிக்க ஆள் வேண்டும்

மிஷனெரி வேலைக்கு முதலில் வேண்டியது நல்ல முழங்கால். ஜெபம் பண்ணுவதற்கு என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். மலையேறுவதற்கு என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

எனக்கு ஊர் ஆலங்குளம். தென்காசியில் இருக்கும் ஒரு சின்ன மிஷன், குற்றாலத்துக்கு மேற்கே மலைமேல் உள்ள பளியர் பழங்குடிக் குடியிருப்புக்கு என்னை அனுப்பியது. மொத்தம் பதினாறு வீடு. பாதிச் சொந்தபந்தம் கேரளக் காட்டுக்குள் இருக்கிறது. தேன் காலத்தில் இவர்கள் அங்கே போவார்கள், மழைக்கு இங்கே திரும்புவார்கள். நடுவில் மாநில எல்லை என்று ஒன்று இருப்பது செக்போஸ்ட்டில் நிற்கிறவர்களுக்கும் எனக்கும்தான் பெரிய விஷயம். பை நிறையத் துண்டுப் பிரதிகளோடு பாதி மேட்டில் மூச்சு வாங்கி நிற்கும் சக ஊழியர்களே, நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

முதல் ஜெபம்

முதல் நாள் ஊரே வந்து என் முன்னால் உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் சபையில் கால் மணி நேரத்துக்குக் குறைவாக ஜெபம் பண்ணுகிறவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கண்ணை மூடி ஆரம்பித்தேன். நாட்டை ஆளுகிறவர்கள், மழை, பயிர் பச்சை, அந்தப் பதினாறு வீடு, ஆடு, நாய் என்று ஒருவரையும் விடவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அந்த நாய் மட்டும் இருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு பெண் குத்தவைத்து இருமிக்கொண்டிருந்தாள். பெயர் காளியம்மா. மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன்.

"கெழங்கு தோண்டப் போயிட்டாவ. நீங்க அசந்து தூங்குனிய, எழுப்ப வேண்டாம்னு என்னையக் காவலுக்கு வச்சிட்டுப் போனாவ. தூக்கத்துல நல்லாப் பேசுதிய சாரு!"

வேண்டாத உதவி

காளியம்மாவின் புருஷன் கருப்பன் அதிகம் பேசாத ஆள். ஒரு நாள் அவனோடு காட்டுக்குள் போனபோது ஒரு பெரிய பாறைச் சரிவைக் காட்டினான். கீழே, கைக்கு எட்டாத இடத்தில், வரிசையாக மலைத்தேன் அடைகள். ஊரிலேயே நன்றாக இறங்கத் தெரிந்தவன் அவன்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். "ஏன் எடுக்கலை?" என்றேன். "கயிறு பிடிக்க ஆள் இல்ல" என்றான்.

நமக்குத்தான் சேவை என்றால் கை துறுதுறு என்று இருக்குமே! "நான் பிடிக்கேன், நீங்க இறங்குங்க" என்று அவன் தோளில் இருந்த கயிற்றைத் தொட்டேன். அவன் பதறி ஒதுங்கிவிட்டான். அப்புறம்தான் அவர்கள் முறை எனக்குத் தெரிந்தது. கயிற்றை மரத்தில் கட்டித்தான் இறங்குவார்கள். ஆனாலும் மேலே ஒருவன் அதைப் பிடித்தபடி, முடிச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அது பொண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க எவனும் விடமாட்டான் அல்லவா? சொந்தத் தம்பியைக்கூட அந்த இடத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். காளியம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். அவன் இருமி இருமியே செத்துப்போனான். அன்றிலிருந்து கருப்பன் இறங்குவதில்லை.

நான் விடாமல், பத்திரமாகப் பிடிப்பேன் என்று சத்தியம் செய்தேன். அவன் கோபப்படாமல்தான் சொன்னான். எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"நான் விழுந்தா ஒங்களுக்கு என்ன போச்சு சாரு? வேற ஊருக்குப் போயிருவிய."

ஆறு மாதம்

காளியம்மாவின் இருமல் குறையவில்லை. நச்சரித்துக் கீழே கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் காட்டினேன். காசநோய். தினமும் மாத்திரை, ஆறு மாதம். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும், அப்போது இந்த மாத்திரைக்குக் கட்டுப்படாமலும் போகலாம் என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

காளியம்மா மாத்திரை அட்டையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் அண்ணனும் இதைத்தான் தின்றிருக்கிறான். ஒரு மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டான். நிறுத்தியதால் செத்தான் என்று நான் சொல்ல, தின்றதால் செத்தான் என்று அவள் சொல்ல, பகல் முழுக்க இதே வழக்கு. எனக்கு உள்ளுக்குள் பயம். இவளும் போய்விட்டால் இந்த மலையில் இனி எவரும் மாத்திரையைத் தொடமாட்டார்கள், நானும் எந்த முகத்தோடு இங்கே வருவேன்?

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். வாரம் இரண்டு நாள் மலையேறினால் போதும் என்று நான் போட்டிருந்த திட்டம் அதோடு முடிந்தது.

"மாத்திர ஒங்க கையிலயே இருக்கட்டும். தெனமும் நீங்க கொண்டாந்து, நீங்க பாத்துக்கிட்டிருக்கையில தின்னுதேன். நீங்க வராத அன்னைக்குத் தின்ன மாட்டேன்."

மாத அறிக்கை

எங்கள் அறிக்கைப் படிவத்தில் கூட்டங்கள், துண்டுப் பிரதிகள், ஞானஸ்நானம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மூன்றிலும் சுழியம் போட்டு, "இதர பணிகள்" என்ற இடத்தில் "தினசரி மாத்திரை கொடுத்தது" என்று எழுதி அனுப்பினேன். எங்கள் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சிவப்பு மை பேனாவை இன்னும் விடாதவர். தென்காசிக்கு வரச்சொல்லி, "ஒம்ம அனுப்புனது ஊழியத்துக்கா, மருந்துக்கடைக்கா?" என்று ஒரு பிடி பிடித்தார். நான் காளியம்மாவின் கதையைச் சொன்னேன். நடுநடுவில் முழங்காலைத் தடவிக்கொண்டேன், நடிப்பு இல்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். வேலையை விட்டு நிறுத்தும் கடிதம்தான் வருகிறது என்று நினைத்தேன். தைலப் பாட்டிலோடு வந்தார்.

"ராவுல, காலைலன்னு ரெண்டு நேரமும் தேய்ச்சிட்டு ஏறும். ஆனா இதையும் ரிப்போர்ட்ல எழுதிராதேயும்."

எல்லைக்கு அந்தப் பக்கம்

நான்காவது மாதம் ஒரு காலையில் ஏறிப்போனால் குடியிருப்பு காலி. தேன் காலம் வந்துவிட்டது. எனக்குச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நானும் அந்த மலையில் ஒரு மரம் மாதிரிதான்; மரத்துக்குச் சொல்லிவிட்டா போவார்கள்? மாத்திரைப் பையோடு செங்கோட்டைக்கு ஓடி, ஆரியங்காவு பஸ்ஸைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்து, மறுநாள் காட்டோரம் அவர்களைக் கண்டுபிடித்தேன். காளியம்மா என்னைப் பார்த்ததும் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு நாள் விட்டுப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே ஒரு சபையில் படுக்கப் பாய் கொடுத்தார்கள். சீசன் முடிகிறவரை தங்கிவிட்டேன். பக்கத்து ஊர்ச் சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது நர்ஸ் படிவத்தை நீட்டி, கூட வந்தவர் என்ன உறவு என்று கேட்டார். ஊழியக்காரன் என்று எழுதினால் உறவா அது? பேனாவோடு முழித்தேன். "அண்ணன்னு எழுதுங்க" என்றாள் காளியம்மா. போன வாரம்தான் அவர்களுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்தியிருந்தேன். ஆண்டவரே மன்னியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நர்ஸ் படிவத்தைப் பார்த்தார். ஒட்டி உலர்ந்த காளியம்மாவையும், ஆலங்குளத்துச் சாப்பாட்டில் வளர்ந்த என் தொந்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்டாலே தெரியும். அதே மூக்கு!"

கயிறு

மழைக்கு எல்லோரும் திரும்பினோம். ஆறு மாதமும் கூட ஒரு நாளும் முடிந்தது. கடைசிப் பரிசோதனையில் நோய் இல்லை. காளியம்மா கன்னத்தில் சதை வைத்து, சுமை தூக்கி, என்னைவிட வேகமாக மேடேறினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கருப்பன் எழுந்து நின்று நாலு பேர் முன்னால் சாட்சி சொல்வான், நான் அதை அறிக்கையில் எழுதலாம் என்று ஆசையாகக் காத்திருந்தேன். அவன் கூட்டத்துக்கே வரவில்லை.

மழை விட்டுப் பாறை காய்ந்த பிறகு, ஒரு நாள் காலையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "வாங்க" என்றான். அதே பாறைச் சரிவு. கயிற்றை மரத்தில் கட்டி, இழுத்துப் பார்த்து, என் கையில் கொடுத்தான். "நான் எப்படிப் பிடிக்க?" என்றேன். "அங்கன எழுதிக் கையெழுத்துப் போட்டியளாம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புகைப்பந்தத்தோடு இறங்கினான்.

நான் மன்னிப்புக் கேட்ட அந்தப் பொய்யை இவர்கள் பொய்யாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒரு ஆளின் உயிர் முழுக்க என் உள்ளங்கையில் கனத்தது. தலைக்கு மேல் தேனீ சுற்றியது, வியர்வை கண்ணில் இறங்கியது. என் வாழ்நாளில் பண்ணிய ஜெபங்களிலேயே சின்னதை அன்றைக்குத்தான் பண்ணினேன். என் உதடு அசைவதை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும், பாதிப் பாறையில் தொங்கிக்கொண்டே கருப்பன் கத்தினான்.

"ஏ மச்சான்! ஜெபம்லாம் பண்ணு, கண்ண மட்டும் மூடிராத!"

அந்த மாத அறிக்கையிலும் எல்லாக் கட்டத்திலும் சுழியம்தான் போட்டேன், படிவத்தில் மச்சானுக்கு ஒரு கட்டம் போடாதது என் குற்றமில்லை.