அடையாள அட்டை கேட்ட கன்ட்ரோலர்

போன செவ்வாய்க்கிழமை காலை, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் போயிருந்தேன். ஒரு மணி நேர வேலை... என்று நினைத்துத்தான் போனேன்.

யார்டு முழுக்க வைஃபை ஆன்டெனாக்கள். அத்தனையையும் மேய்க்க ஒரு பெட்டி உண்டு. கன்ட்ரோலர் என்போம். இங்கே இரண்டு — யார்டில் ஒன்று, சாலைக்கு அந்தப் பக்கம் ஆபீஸில் ஒன்று. ஒன்று படுத்தால் மற்றது தாங்க வேண்டும். அதற்கு இரண்டும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சில் வெளியாள் நுழைய முடியாதபடி பூட்டுப் போடுவதுதான் என் வேலை.

எதற்கு இத்தனை கெடுபிடி? பிலோமினாவுக்குத்தான் தெரியும். ராயபுரத்துக்காரர், யார்டு சூப்பர்வைசர். போன மழைக்காலத்தில் யாரோ நெட்வொர்க்கில் புகுந்து, அவர் பெயரில் ஒரு கன்டெய்னருக்கு கேட் பாஸ் போட்டுவிட்டார்கள். கன்டெய்னர் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அவருக்கு மெமோ. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

"இந்த தபா ஒரு பயலும் உள்ள வரக்கூடாது சார். அதுக்கு நீ இன்னா வேணா பண்ணு" என்றார்.

ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. அடையாள அட்டை மாதிரி. அதைக் காட்டினால்தான் மற்றது பேசும். யார்டு பெட்டி காட்டியது. ஆபீஸ் பெட்டி 'ஏற்க முடியாது' என்றது. அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஏற்கவில்லை. கேபிளை மாற்றினேன், பாஸ்வேர்டை மறுபடி அடித்தேன், இன்னொரு புதுச் சான்றிதழ் போட்டேன்... ம்ஹும்.

பதினொன்றரைக்கு மேனேஜரிடமிருந்து போன். வேலை முடியும்வரை வைஃபை இல்லை, கன்டெய்னர்களைப் பதியும் ஸ்கேனர்கள் ஓடாது. இரண்டு மணிக்கு இறால் கன்டெய்னர்கள் ஹார்பருக்குக் கிளம்பியாக வேண்டும்.

"செக்யூரிட்டியை ஆஃப் பண்ணிட்டு கனெக்ட் பண்ணிடுங்க சார். அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது? இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த 'அப்புறம்' வந்து நான் பார்த்ததே இல்லை. சபலம் தட்டியது, பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கிளிக்தான். ஆனால் பிலோமினா எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். முடியாது என்று சொல்லி போனை வைத்தேன்.

இனி குத்துமதிப்பு வேண்டாம் என்று, இரண்டு பெட்டிகளின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தேன். அகப்பட்டது. ஆபீஸ் பெட்டியில் மணி 11:42. யார்டு பெட்டியில் 11:52!

எந்த நேரத்திலிருந்து செல்லும் என்பதும் சான்றிதழிலேயே இருக்கும். அதாவது, யார்டு பெட்டி போடும் சான்றிதழ் ஆபீஸ் பெட்டியின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. எப்படி ஏற்கும்? நானோ பொறுமையில்லாமல் அழித்து அழித்துப் புதுசு போட்டிருக்கிறேன். பேசாமல் டீ குடிக்கப் போயிருந்தால் தானாகவே சேர்ந்திருக்கும். வெட்கமாகப் போய்விட்டது.

"இதுல டைம் வெச்சது யாரு?"

"பொட்டிய மாட்ட வந்த ஆளு டைம் கேட்டாரு. செவுத்துல கீற கடியாரத்த பாத்து நான்தான் சொன்னேன்" என்றார் பிலோமினா. "ஷிப்டுக்கு எல்லாம் லேட்டா வந்துகினு இருந்தானுங்க. அதான் பத்து நிமிசம் முன்னாடி வெச்சிகீறேன்."

இரண்டு பெட்டிகளும் ஒரே இடத்திலிருந்து நேரம் எடுக்கும்படி மாற்றினேன். மறுபடி ஒரு சான்றிதழ். இந்த முறை ஏற்றுக்கொண்டது. பூட்டு விழுந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஸ்கேனர்கள் ஓடின. பிலோமினா நாற்காலியை இழுத்துப்போட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

கிளம்பும்போது கேட்டேன். "இப்ப எல்லாரும் ஷிப்டுக்குச் சரியா வர்றாங்களா?"

"எங்க சார்... அது பத்து நிமிசம் ஃபாஸ்ட்னு எல்லாருக்கும் தெரியுமே."

ஆக, அந்தக் கடிகாரத்தை உண்மையாக நம்பிய ஒரே ஊழியர் — அந்த கன்ட்ரோலர்தான்.