றிங்வால்ட் அம்மா தந்த டிக்கெட்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர் ரஞ்சிதமலர். வயது அறுபத்து மூன்று. எதையும் ஒரு தடவை கேட்டவுடன் அவர் நம்பியதாக ஒருவரும் சொன்னதில்லை. மீன்காரன் பாரையைத் தூக்கிக் காட்டினால் செவுளைத் தானே விரித்துப் பார்ப்பார். பார்மசியில் குளிசை வாங்கினால், அட்டையின் பின்பக்கத்துத் திகதியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்த பிறகுதான் கடைப்படி இறங்குவார்.

பார்த்த வேலையும் அப்படி. துறைமுகத்துக்கு வரும் கொள்கலன்களை விடுவித்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில், புறக்கோட்டையில், முப்பத்தொரு வருடம் இருந்தார். பத்திரங்கள் சுங்கத்துக்குப் போகுமுன் அவருடைய மேசைக்கு வரும். பழைய உடுப்பு என்று எழுதியிருக்கும். நிறையைப் பார்த்தால் இரும்புச் சாமான் போலத் தெரியும். கூப்பிட்டுக் கேட்டால் கிளார்க்கின் பிழை என்பார்கள், சென்னைப் பக்கத்துப் பிழை என்பார்கள், கம்பியூட்டரின் தலையில் போடுவார்கள். "நான்தான் எழுதினேன்" என்று ஒரு மனிதர்கூட அவர் முன்னால் சொல்லவில்லை. போர்க்காலத்தில் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து வாங்கிய தாள்களைக்கூட இன்னும் அவர் எறியவில்லை. யாராவது ஒருநாள் கேட்கலாம்.

கணவர் இறந்து, வேலையிலிருந்தும் ஓய்வுபெற்ற பிறகு, 2022 ஒக்டோபர் கடைசியில் ஜேர்மனிக்குப் போனார். ஸ்ருட்காட் நகரத்தில் மகள் மீனுவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மூன்று மாத விசா. மகள் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. கீழ்வீட்டில் றிங்வால்ட் என்ற எழுபத்தெட்டு வயது அம்மா தனியாக இருந்தார். ஒருநாள் அவர் தண்ணீர்ப் போத்தல் பெட்டியோடு படியில் மூச்சிரைத்து நின்றதைக் கண்டு, ரஞ்சிதமலர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் ஓரளவு வரும். நன்றி சொன்னதோடு அது முடிந்தது.

நவம்பர் பத்தாம் திகதி அந்த அம்மா கதவைத் தட்டினார். கையில் ஒரு வெள்ளைக் கடித உறை.

"ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு பலே நடனம். என்னிடம் இரண்டு இருக்கைகள் இருக்கின்றன. என்னோடு வருகிறீர்களா?"

உறையைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார்.

ரஞ்சிதமலர் டிக்கெட்டை மேசையில் வைத்து, முன்னும் பின்னும் பார்த்தார்.

"பலே எண்டால் என்ன பிள்ளை? கைதட்டிச் சொல்லுறதோ?"

"இல்லையம்மா, நுனிவிரலில நிண்டு ஆடுறது. இந்த ஊரில அது பெரிய விசயம். போய்ப் பாருங்கோ."

"ஏன் என்னைக் கூப்பிடுறா?"

மருமகன் விக்ரமன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "அதுதான் மாமி எனக்கும் விளங்கேல்லை. நாலு வருசமா இந்த வீட்டில இருக்கிறம். காலமை வணக்கத்துக்கு மேல அவ எங்களோட ஒரு சொல்லுக் கதைச்சதில்லை."

அவன் வெள்ளைமனதாகச் சொன்னதுதான். ரஞ்சிதமலருக்கு அது போதுமாக இருந்தது. டிக்கெட்டில் 'திரு எ. றிங்வால்ட்' என்று ஒரு ஆணின் பெயர் அச்சடித்திருந்தது. "ஆம்பிளையின்ர பேரில இருக்கிற டிக்கெட்டோட நான் போய்ப் பிடிபட்டால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். அது இறந்துபோன கணவரின் பெயர், வருடச் சந்தா டிக்கெட் என்று மீனு விளக்கினாள். செத்தவரின் டிக்கெட் என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது.

ஆனாலும் போனார். போகாவிட்டால் அந்த அம்மாவின் நோக்கம் என்னவென்று தெரியாமலே போய்விடும். புறப்படும்போது மகளிடம், "நான் வரும்வரைக்கும் ஆர் தட்டினாலும் கதவு திறக்காதை" என்றார். தன்னை வெளியே கூட்டிப் போய்விட்டு யாரையோ வீட்டுக்குள் அனுப்பத் திட்டமிருக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

அரங்கத்தில் முதல் தகராறு மேற்சட்டையால் வந்தது. குளிர்ச்சட்டைகளை வாசலில் வாங்கி, இலக்கம் போட்ட வில்லை ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். ரஞ்சிதமலர் கொடுக்க மறுத்துவிட்டார். கடவுச்சீட்டு அதன் உள்பையில் இருந்தது. ரஞ்சிதமலர் சட்டையைச் சுருட்டி மடியில் வைத்து, அதற்கு மேல் கைப்பையை வைத்து, வெளியே போகும் கதவுகள் எந்தெந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டார்.

திரை விலகியது. காடு போல ஒரு மேடை. மெல்லிய சாம்பல்நிற உடையில் ஒரு பெண் ஓடிவந்தாள். ஒருவன் அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கினான். தூக்கினான் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் தானாகவே மேலே போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகு யோசித்து இறங்கினது போல இருந்தது. ரஞ்சிதமலர் முன்னுக்குச் சரிந்தார். ஒரு ஆளின் நிறை ஐம்பது கிலோவுக்குக் குறையாது. ஐம்பது கிலோ அப்படிப் போகாது. எங்கேயோ கம்பி கட்டியிருக்கிறார்கள்.

அன்று முழுக்க அவர் கம்பியைத்தான் தேடினார். இடைவேளையில் அதைக் கேட்டும் விட்டார்.

"கம்பி இல்லை," என்றார் றிங்வால்ட் அம்மா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருடமாகப் பார்க்கிறேன்."

முப்பது வருடம் பார்த்தவர்களையும் ஏமாற்றலாம் என்று ரஞ்சிதமலர் நினைத்துக்கொண்டார். ஆனால் வீடு வந்த பிறகு இன்னொரு விசயம்தான் மனதில் நின்றது. அவர்கள் குதித்து இறங்கும்போதும், நுனிக்காலில் ஓடும்போதும், பலகையில் 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டது. பூப்போல இறங்குகிறவளின் காலில் மரக்கட்டைச் சத்தம். ஒருவரும் இதைத் தனக்கு முன்பே சொல்லவில்லையே என்று யோசித்தார்.

அடுத்த ஆட்டம் டிசம்பர் நாலாம் திகதி. அதற்கு மூன்று நாள் முன்னால், கத்தரிக்கோல் தேடி விக்ரமனின் மேசை இலாச்சியைத் திறந்தபோது, அடியில் ஒரு கடிதம் கிடந்தது. ஜேர்மன் மொழி. கட்டடத்தைப் பராமரிக்கும் கம்பனியின் தலைப்பு. தொலைபேசியை அதன் மேல் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார். உங்கள் வீட்டுச் சமையலறையில் காலை 5.40 முதல் 6.05 வரை இடிக்கும் சத்தம் கேட்பதாக ஒரு குடியிருப்பாளர் முறைப்பாடு செய்திருக்கிறார், இது தொடர்ந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது.

இடித்தது அவர்தான். ரசத்துக்கு மிளகும் உள்ளியும், சின்ன உரலில். பிள்ளை பெற்றவளுக்குக் காலையிலேயே கொடுக்கவேண்டும்.

விக்ரமன் வேலையால் வந்ததும் கடிதத்தை முன்னால் வைத்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

"உங்களுக்குக் கவலையா இருக்கும் எண்டுதான் மாமி சொல்லேல்லை. நீங்கள் குளிக்கப் போற நேரம் பார்த்து, உரலுக்குக் கீழ துவாய் மடிச்சு வைக்கச் சொல்லி மீனுவிட்டச் சொன்னனான்."

"அப்ப அந்தத் துவாய் அவள் எனக்குக் கை நோகும் எண்டு வைச்சதில்லை?"

தன் வீட்டுக்குள்ளேயே தனக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்திருக்கிறது என்பது ரஞ்சிதமலருக்குச் சுட்டது. ஆனால் பெரிய விசயம் திகதி. தான் வந்தது ஒக்டோபர் இருபத்தாறு. கடிதம் நவம்பர் மூன்று. டிக்கெட் வந்தது நவம்பர் பத்து. நிமிடம் தவறாமல் எழுதக்கூடியவர், சமையலறைக்கு நேர் கீழே படுக்கிறவர்தான்.

"இது அந்த மனுசிதான்," என்றார்.

"அப்ப ஞாயிறு போகாதேங்கோ அம்மா," என்றாள் மீனு.

"ஏன் போகாமல்? போவன்."

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். இந்தமுறை பார்வைக்கண்ணாடி ஒன்றையும் வாடகைக்கு எடுத்தார். கண்ணாடிக்குள் மேடை கையெட்டும் தூரத்துக்கு வந்தது. தலைக்கு மேலே, தோளுக்குப் பின்னால், இடுப்புப் பட்டியில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்பி இல்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பெண்ணின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. அவள் சிரித்தபடி ஓரத்துக்கு ஓடி, திரைச்சீலைக்குப் பின்னால் அரைவாசி மறைந்ததும், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, விலா எலும்புகள் ஏறி இறங்க மூச்சு வாங்கினாள். பிறகு நிமிர்ந்து, அதே சிரிப்போடு திரும்ப வந்தாள். குதிக்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் பாதி கழன்று ஆடியது.

ரஞ்சிதமலர் கண்ணாடியை இறக்கினார். அப்படியென்றால் அந்த ஐம்பது கிலோ உண்மையாகவே மேலே போகிறது. அந்த நினைப்போடு கொஞ்சநேரம் வேறொன்றையும் பார்க்காமல் இருந்தார்.

இடைவேளை மணி அடித்தது. வெளி மண்டபத்தில், ஜன்னலோரமாக, கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"இதை எழுதவைத்தது நீங்களா?"

றிங்வால்ட் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, கடிதத்தைக் கடைசிவரை வாசித்தார். முகம் கழுத்துவரை சிவந்தது.

"நான்தான்," என்றார்.

ரஞ்சிதமலர் இதை எதிர்பார்க்கவில்லை. மறுத்தால் காட்டுவதற்குத் திகதிகளை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார். அந்தத் துண்டு இப்போது விரலுக்குள் கசங்கியது.

"என் கணவர் மார்ச்சில் இறந்தார். எனக்கு விடியும்போதுதான் நித்திரை வரும். அந்த நேரத்தில்தான் நீங்கள் இடிப்பீர்கள். ஒரு மாடி ஏறி வந்து சொல்லியிருக்கலாம். எழுதுவது சுகமாக இருந்தது, எழுதினேன். இரண்டு நாள் கழித்து நீங்கள் என் தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கித் தந்தீர்கள்."

"அதற்குப் பிறகு டிக்கெட். இது லஞ்சமா?"

அந்த அம்மா உண்மையாகவே யோசித்தார்.

"கொஞ்சம் அப்படித்தான். வெட்கத்தால் கொடுத்தேன். ஆனால் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தால் என்னால் மேடையைப் பார்க்க முடியவில்லை. அதுவும் உண்மை."

உள்ளே போகச் சொல்லி இரண்டாம் மணி அடித்தது. ஆட்கள் குவளைகளை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ரஞ்சிதமலர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. முப்பத்தொரு வருடம் எத்தனையோ பத்திரங்களை எத்தனையோ பேருக்கு முன்னால் நீட்டியிருக்கிறார். நான்தான் என்று சொன்ன முதல் மனுசி இந்தக் கிழவி. நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது அவருக்கு.

"இப்ப துவாய் வைத்து இடிக்கிறேன். கேட்கிறதா?"

"கேட்கிறது. ஆனால் பரவாயில்லை."

"அப்படிச் சொல்லாதீர்கள். கேட்டால் கேட்கிறது என்று வந்து சொல்லுங்கள்."

அடுத்த நாளிலிருந்து மிளகை முதல்நாள் பின்னேரமே இடித்து வைத்தார். அந்த மூன்று மாதத்தில் இன்னும் மூன்று ஆட்டங்கள் பார்த்தார்கள். மேற்சட்டையை மட்டும் கடைசிவரை வாசலில் கொடுக்கவில்லை.

பிறகு வந்த இரண்டு குளிர்காலமும் அவர் போனார். ஒருமுறை மகள் குடும்பத்தோடு பரிஸ் நகரத்துக்கு ரயிலில் போனபோது, அங்கேயிருந்த மச்சாள் வீட்டில் கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, தனியாக ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டத்துக்குப் போய் மேல்மாடியில் இருந்து பார்த்தார். மூன்றரை மணித்தியாலம் கழித்து வெறுங்கையோடு திரும்பினார். மச்சாள் அவரிடம் நேரே ஒன்றும் கேட்கவில்லை. கொழும்பில் இருக்கும் உறவுக்காரர் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்து, "மலர் இங்க தனிய எங்கயோ போய் வாறா, ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டார். ரஞ்சிதமலர் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு சாட்டோடு வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். நடனம் பார்த்ததாகச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

இந்த வருடம் விசாவுக்குக் கொள்ளுப்பிட்டியில் விண்ணப்பம் கொடுக்கப் போனார். அதை வாங்குகிற அலுவலகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நிம்றா என்று பெயர்ப்பட்டி குத்திய இளம்பெண். தாள்களைப் புரட்டிக்கொண்டு போனவள், பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் நின்றாள்.

"ஆன்ட்டி, மகள்ட வீட்டுக்குத்தானே போறீங்க? இதில டான்ஸ் பாக்க எண்டும் எழுதியிருக்கீங்க."

"ஓம். இரண்டுக்கும்தான்."

"மகளப் பாக்க எண்டு மட்டும் போட்டாப் போதுமே."

"உண்மையைத்தானே பிள்ளை எழுதவேணும்."

நிம்றா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். ரஞ்சிதமலர் பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய டிக்கெட்டுகளை எடுத்து, கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். பதினாலு இருந்தன. அவள் ஒவ்வொன்றின் திகதியையும் கடவுச்சீட்டில் இருந்த முத்திரைகளோடு ஒப்பிட்டாள். ரஞ்சிதமலர் அந்த விரல் போகும் வேகத்தைக் கவனித்தார். நல்ல வேலைக்காரி என்று பட்டது.

"ஆரு ஆன்ட்டி கூட்டிட்டுப் போற?"

"மகளின்ர கீழ்வீட்டு மனுசி."

"அவங்களுக்கு நீங்க என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை. முதல்ல எங்களைப் பற்றி முறைப்பாடு எழுதினவ. பிறகு பழகிப்போனம்."

நிம்றா அதை நம்பினாளோ இல்லையோ தெரியவில்லை. விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் ஏதோ சின்னதாக எழுதினாள். ரஞ்சிதமலர் அதைத் தலைகீழாக வாசிக்க எட்டிப் பார்த்தார். அவள் அதற்கு மேலே இன்னொரு தாளை வைத்துவிட்டாள்.

அந்த எழுத்து என்னவாக இருக்கும் என்ற யோசனையிலேயே பதினெட்டு நாள் போனது. பத்தொன்பதாம் நாள் விசா வந்தது. றிங்வால்ட் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினார். ஜனவரியில் இரண்டும் பெப்ரவரியில் ஒன்றுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் குறித்து அன்று பின்னேரமே பதில் வந்தது. ரஞ்சிதமலர் மூன்றையும் சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டார்.